மலைமேல் ஏறியவர்களும் கரைக்கு இறங்கியவர்களும்

மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பல் பிரயாணம் செய்ய உத்தேசித்திருக்கும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிரான்ஸின் தென்கரையில் கப்பல் ஒரு பகல் முழுவதும் நிற்கிறதாமே, அந்தப் பகலுக்குள் எதையெல்லாம் பார்த்துவிடலாம்?" கப்பலில் கொடுக்கும் சுற்றுலாப் பட்டியலைப் புரட்டினால் நீஸ் நகரம், மொனாக்கோ அரண்மனை, மாண்டி கார்லோ சூதாட்ட மாளிகை, கான் கடற்கரை, ஏஸ் மலைக்கிராமம் என்று பெயர்கள் ஒரே மூச்சில் வந்து நிற்கும், அத்தனையையும் பேருந்தின் கண்ணாடி வழியாகக் கண்டுவிட்டு, சாயங்காலம் களைத்துப் போய்க் கப்பலுக்குத் திரும்புகிறவர்களும் ஏராளம். என் அபிப்பிராயம் வேறு. ஒரு பகலுக்கு ஒரு கரையூரும் ஒரு மலையூரும் போதும். ஆனால் அவ்விரண்டும் ஒன்றையொன்று அறிந்த ஊர்களாக இருக்கவேண்டும். வில்ஃபிரான்ஷ் என்ற கரையூரும் ஏஸ் என்ற மலையூரும் அப்படிப்பட்டவை என்பதை நேரில் கண்டு வந்தவன் என்ற முறையில், அந்தப் பகலைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுத விரும்புகிறேன்.

வில்ஃபிரான்ஷில் பெரிய கப்பல்கள் கரையை அணைவதில்லை. நீஸ் நகரத்துக்குக் கிழக்கே, ஒருபுறம் போரோன் குன்றும் மறுபுறம் காப் ஃபெரா என்ற நீண்ட முனையும் காவல் நிற்க, நடுவே அமைந்திருக்கும் விரிகுடாவில் அவை நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பிரயாணிகள் சிறிய டெண்டர் படகுகளில் இறங்கி, சில நிமிஷங்களில் கரை சேரவேண்டும். கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்கும்போது மஞ்சளும் காவியும் செம்மண் நிறமுமாக அடுக்கடுக்காய்த் தெரிந்த வீடுகள், படகு நெருங்க நெருங்க ஜன்னல் கதவுகளும் கொடிக்கயிற்றுத் துணிகளும் பூந்தொட்டிகளுமாகத் தனித்தனியே பிரிந்து, மனிதர்கள் குடியிருக்கும் இல்லங்களாக உருப்பெறுவதைக் காணும் அனுபவம், துறைமுகத்தின் சிமெண்டுத் தளத்தில் இறங்கிப் பேருந்து ஏறுகிறவர்களுக்குக் கிடைக்காது.

இந்த விரிகுடாவின் சரித்திரம் முழுவதும் அதன் ஆழத்தில்தான் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. கரைக்கு வெகு சமீபத்திலேயே கடல் செங்குத்தாக இறங்கி, நூறு மீட்டரை நெருங்கும் ஆழத்தை அடைந்துவிடுகிறது. இன்று உல்லாசக் கப்பல்களை அழைத்து வருகிற அதே ஆழம்தான், 1543-ம் ஆண்டில், பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்ஸிஸுடன் நட்புக் கொண்ட துருக்கி சுல்தானின் கடற்படைத் தளபதி பார்பரோஸாவையும், அவருடைய நூற்றுக்கு மேற்பட்ட போர்க்கலங்களையும் இங்கே அழைத்து வந்தது. அந்தப் படையே நீஸ் நகரத்தை முற்றுகையிட்டது. நகரம் வீழ்ந்தது, ஆனால் குன்றின்மேல் இருந்த கோட்டை வீழவில்லை. அந்தப் பாடத்தை மறக்காதவரும் அந்நாளில் இந்தக் கரைக்கு அதிபதியுமான சவாய் பிரபு இம்மானுவேல் ஃபிலிபெர்ட், 1557-ல், கடலோரத்திலேயே புனித எல்ம் பெயரால் பெரிய கோட்டை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். படகிலிருந்து இறங்கியதும் இடக்கைப் பக்கம் தெரிகிற தடித்த மதில்கள் அந்தக் கோட்டையினுடையவை. இப்போது அதற்குள்ளே நகராட்சி அலுவலகம் நடக்கிறது. அந்த ஊரிலே வளர்ந்த சிற்பி வோல்தியின் வெண்கலப் பெண்ணுருவங்கள் கோட்டையின் கற்கூடங்களில் வீற்றிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ருஷ்யக் கடற்படை இங்கே நிலக்கரிக் கிடங்கு வைத்திருந்தது. பிறகு, 1880-களில், கீவ் நகரத்து விலங்கியல் பேராசிரியர் கொரோட்னெஃப் இதே கரையில் ஆராய்ச்சிசாலை ஒன்றை நிறுவினார். ஆழ்கடலில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டாமல், அவை கரையருகிலேயே கிடைத்ததுதான் காரணம். அந்த ஆராய்ச்சிசாலை இன்றளவும் இயங்கி வருகிறது. போர்க்கப்பலும் விஞ்ஞானியும் சுற்றுலாப் பிரயாணியும் ஒரே காரணத்துக்காக ஓரிடத்தைத் தேடி வருவது அபூர்வமல்லவா?

ஆனால் ஊர் பிறந்த கதை இவற்றுக்கெல்லாம் முந்தியது. ரோமானியர் ஆட்சி போன பிற்பாடு, கடற்கொள்ளைக்காரர்களின் பயத்தால் இந்தக் கரையில் குடியிருந்த ஜனங்கள் கடலோரத்தைக் கைவிட்டு மலைமேல் ஏறிக்கொண்டார்கள். அங்கே மோந்தோலிவோ என்ற குடியிருப்பில், மீனும் உப்பும் கொடுத்த கடலைக் கீழே தூரத்தில் பார்த்தபடியே, பல தலைமுறைகள் வாழ்ந்தார்கள். 1295-ல் ப்ரோவான்ஸ் தேசத்துக்கு அதிபதியாயிருந்த ஆஞ்ஜூ வம்சத்து இரண்டாம் சார்லஸ், இந்த அருமையான துறை பாழாய்க் கிடப்பது நியாயமல்ல என்று கருதி, கீழே வந்து குடியேறுகிறவர்களுக்கு வரிச்சலுகை அளிப்பதாகச் சாசனம் செய்து கொடுத்தார். பயம் மேலே ஏற்றிய மக்களை வரிச்சலுகை கீழே இறக்கியது. மலைக்கும் கரைக்கும் நடுவே மனிதர்கள் ஏறியும் இறங்கியும் வந்த இந்தப் போக்குவரத்துதான் ரிவியேரா என்ற இந்தக் கடற்கரை முழுவதற்கும் பொதுவான சரித்திரம் என்பது என் முடிவு. கரையூரை மட்டும் பார்த்தால் பாதிக் கதை. மலையூரை மட்டும் பார்த்தால் மற்றொரு பாதி.

கடலோரத்து உணவு விடுதிகளுக்குப் பின்னால் ஒரு படிக்கட்டில் ஏறித் திரும்பினால், ரூ ஓப்ஸ்கியூர் என்ற இருட்டுத் தெரு வரும். நான் இந்த ஊரிலே மிக அதிக நேரம் நின்ற இடம் இதுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இத்தெரு சுமார் 130 மீட்டர் நீளம் உள்ளது; ஆதியில் ஊரின் மதிலை ஒட்டிக் காவலர்கள் நடமாடுவதற்காக ஏற்பட்ட திறந்த வழி, பிற்காலத்தில் அதன்மேல் வீடுகள் வளைந்து வளைந்து எழும்பியதால், மேலே மூடப்பட்ட சுரங்கம் போல ஆகிவிட்டது. வெளியே உச்சிவேளை வெயில் கண்ணைக் கூசச் செய்யும்; உள்ளே இரண்டு எட்டு வைத்தவுடனே, ஈரக்கல்லின் வாசனையும் குளிர்ச்சியும் முகத்தில் வந்து படும். தலைக்கு மேலே கரியேறிய உத்திரங்கள். பக்கங்களில் சுண்ணாம்பு உதிர்ந்த வளைவுகள். அங்கங்கே ஒரு விளக்கு. அதற்கிடையில், நம்பவே முடியாதபடி, ஒரு வீட்டின் வாசற்கதவும் கடிதப் பெட்டியும். ஆம், அந்த இருட்டிலும் வாசல் வைத்துக் குடும்பங்கள் வாழ்கின்றன. பீரங்கிக் குண்டுகள் பறந்த காலங்களில் ஊர்மக்கள் இங்கேதான் அடைக்கலம் புகுந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்திலும் அப்படியே. எத்தனை தலைமுறைத் தாய்மார்கள் குழந்தைகளை அணைத்துக்கொண்டு இந்தச் சுவரோரம் குந்தியிருப்பார்கள் என்று எண்ணும்போது, புகைப்படம் எடுப்பதற்காக உயர்த்திய கை தானே தாழ்ந்துவிடுகிறது.

கவிஞரும் சித்திரக்காரரும் சினிமாக்காரருமான ழான் கொக்தோ, 1920-களில் இந்த ஊர்த் துறைமுகத்து ஓட்டலில் வந்து தங்கிய நாள் முதல், வில்ஃபிரான்ஷிடம் ஆழ்ந்த பிரியம் கொண்டிருந்தார். படகுத்துறைக்கு எதிரே, மீனவர்களின் பழைய தேவாலயம் ஒன்று வழிபாடு நின்றுபோய், வலைகளும் மீன்பிடிச் சாமான்களும் போட்டு வைக்கும் கிடங்காக இருந்தது. அதைத் திரும்பவும் கோயிலாக்க வேண்டுமென்று அவர் பல வருஷங்கள் ஆசைப்பட்டு, 1957-ல் தம் கையாலேயே அதன் சுவர்களையும் கூரையையும் சித்திரங்களால் நிரப்பி முடித்தார். மீனவர்களுக்குக் காவலரான புனித பேதுருவின் வாழ்க்கைச் சம்பவங்கள், கடல்மேல் அவர் நடக்கத் தடுமாறும் காட்சி, ஊர்ப் பெண்களுக்கு ஒரு சித்திரம், நாடோடி ஜிப்ஸிகளுக்கு ஒரு சித்திரம் என்று, மெல்லிய கோடுகளாலும் வெளிறிய வர்ணங்களாலும் அந்தச் சின்னஞ்சிறு மண்டபம் நிறைந்திருக்கிறது. பெரிய பெரிய தேவாலயங்களில் பொன்னும் பளிங்கும் பார்த்து அலுத்த கண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை எழுத்தில் விளக்குவது கடினம். வெகு அருகில் போய்ப் பாருங்கள்: மீனின் உருவத்தில் கண்ணும், கண்ணின் உருவத்தில் மீனுமாக, ஒன்று மற்றொன்றாக மாறும் கோடுகள் சுவரெங்கும் ஓடுகின்றன. உள்ளே நுழையச் சிறு கட்டணம் உண்டு. அவசியம் கொடுத்துப் பார்க்கவேண்டியது. கொக்தோ 1960-ல் வெளியிட்ட தம்முடைய கடைசித் திரைப்படத்தில் அந்த இருட்டுத் தெருவையும் காட்டியிருக்கிறார்.

இனி மலைக்கு ஏறுவோம். வில்ஃபிரான்ஷ் ரயில் நிலையம், படகுத்துறையிலிருந்து கடலோரமாகவே நடந்து போகும் தூரத்தில், கடற்கரைக்கு நேர் மேலே அமைந்திருக்கிறது. நீஸிலிருந்து மொனாக்கோவுக்கு 1868-ல் போடப்பட்ட இந்த இருப்புப்பாதை, மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடைத்த குறுகிய இடத்தில், சுரங்கத்துள் மறைவதும் வெளிச்சத்தில் பாய்வதுமாகச் செல்கிறது. போலியூவைத் தாண்டி அடுத்த நிலையமே ஏஸ். பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் இறங்கினால் கண்ணில் படுவது கடலும் சில வீடுகளும்தான். ஊரைக் காணவேண்டுமானால் கழுத்தை நன்றாக அண்ணாந்து பார்க்கவேண்டும்: பாறையின் உச்சியில், கடல்மட்டத்துக்கு மேல் 429 மீட்டர் உயரத்தில் அது இருக்கிறது.

மேலே செல்லப் பேருந்து உண்டு. அது வருவது அடிக்கடி அல்ல. முழங்கால் வலி உள்ளவர்களும் வயது முதிர்ந்தவர்களும் நேரம் விசாரித்துக்கொண்டு அதிலேயே செல்வது உத்தமம். மற்றவர்களுக்கு நீட்சே பாதை இருக்கிறது. ஜெர்மன் தத்துவஞானி நீட்சே 1883-84-ம் ஆண்டுக் குளிர்காலத்தை நீஸில் கழித்தபோது, இதே நிலையத்திலிருந்து ஏஸுக்கு ஏறும் இந்தச் செங்குத்தான வழியில் நடந்து, ஜரதுஷ்ட்ரர் பெயரால் தாம் எழுதிவந்த நூலின் மூன்றாம் பாகத்தில் ஒரு முக்கியமான பகுதியை மனத்துக்குள்ளேயே அமைத்தாராம்; பிற்காலத்தில் அவரே அதை எழுதி வைத்திருக்கிறார். தலைவலியாலும் கண் நோயாலும் ஓயாமல் அவதிப்பட்ட ஒருவர், தம் உடம்பு இலேசாயிருந்த நாட்களில் இந்தப் பாறைகளின்மேல் ஏறினார் என்பதை அறிந்து நடக்கும்போது, அவருடைய தத்துவத்தை ஏற்காதவர்களுக்கும் அவர்மேல் ஓர் அன்பு பிறக்கும்.

பாதை எளிதன்று. சுண்ணாம்புப் பாறைத் துண்டுகள் பல்லாயிரம் கால்களால் தேய்ந்து வழவழப்பாக இருக்கின்றன. மழை பெய்திருந்தால் நடக்கவே வேண்டாம். பைன் மரங்களின் நிழல் இருக்கும் இடங்களும் உண்டு. நிழலே இல்லாமல் வெண்பாறை அனலை வீசும் இடங்களும் உண்டு. கால்பட்டு நசுங்கிய ரோஸ்மேரிச் செடியிலிருந்து எழும் மணம், பிசினின் மணத்தோடு கலந்து வருகிறது. நிதானமாக ஏறுகிறவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். நின்று நின்று ஏறுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கடல் இன்னும் கொஞ்சம் அகலமாகிக்கொண்டே போவதைப் பார்ப்பதற்காகவாவது நிற்கத்தான் வேண்டும். கரையூர் ஜனங்கள் முதுகில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாகப் பயந்து ஏறிய உயரம் எவ்வளவு என்பது, பேருந்தில் வந்தவர்களுக்கு எண்ணாகத் தெரியும். நடந்து ஏறியவர்களுக்குத்தான் தொடைகளில் தெரியும்.

ஏஸ் கிராமம் கழுகுக்கூடு போல உச்சிப்பாறையைப் பற்றிக்கொண்டிருக்கிறது. வாகனம் எதுவும் நுழைய முடியாத வாசல் ஒன்று. அதைக் கடந்ததும் இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடவேண்டிய சந்துகள், கல்படிகள், கல்வளைவுகள், கல்சுவர்கள். ஊரில் கட்டட வேலைக்கு வேறு எந்தப் பொருளும் அகப்படவில்லையோ என்று தோன்றும். பதினெட்டாம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று மட்டும் மஞ்சட்காவி வர்ணத்தில், சாம்பல் நிறக் கற்களுக்கு நடுவே விளக்கேற்றினாற்போல் நிற்கிறது. உச்சியிலிருந்த அரண் இப்போது இல்லை. பதினான்காம் லூயி மன்னரின் உத்தரவுப்படி 1706-ல் அதைத் தகர்த்துவிட்டார்கள். கொள்ளைக்காரர்களுக்குத் தப்பிய ஊர்கள் மன்னர்களுக்குத் தப்புவதில்லை. மன்னர்களின் கை இந்த மலைகளில் எவ்வளவு பழையது என்பதற்கு வடகிழக்கே சில கிலோமீட்டரில் உள்ள லா துர்பி என்ற ஊரே சாட்சி: ஆல்ப்ஸ் மலைக்குலங்கள் நாற்பத்தைந்தை அடக்கியதற்கு அடையாளமாக, அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் பெயரால் கி.மு. 6-ல் எழுந்த வெற்றித்தூணின் மிச்சம் அங்கே நிற்கிறது. தோற்ற குலங்களின் பெயர்களைக் கல்லிலே வெட்டி வைத்தார்கள். அந்தக் குலங்கள் இருந்தன என்பதை உலகம் இன்று அறிவதற்கு அந்தக் கல்லும் ஒரு காரணம்.

இடிந்த கோட்டையின் கற்குவியல்களுக்கு நடுவே, யுத்தம் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1949-ல், கள்ளிச்செடிகளுக்காக ஒரு தோட்டம் அமைத்தார்கள். மண்ணும் செடியும் அத்தனையும் ஆட்கள் சுமந்துதான் மேலே வந்திருக்கவேண்டும் என்று அந்தச் சந்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சீமைத்தேசத்து மலையுச்சியில் ஏதோ காணாத அதிசயங்கள் இருக்கும் என்று எதிர்பார்த்து நுழைந்த என் மனைவி, முதல் திருப்பத்திலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இது நம்ம ஊர் சப்பாத்திக்கள்ளி இல்லையா?"

அதுவேதான். தட்டை தட்டையான பச்சை மடல்கள், ஓரங்களில் சிவந்த பழங்கள், கிட்டப் போனால் கண்ணுக்குத் தெரியாமல் விரலில் ஏறும் நுண்முட்கள். அடுத்த மேட்டில் நம் ரயில் பாதை ஓரங்களில் வேலியாக வளர்க்கும் பெருங்கற்றாழை, தன் வாழ்நாளில் ஒரே தடவை பூக்கும் நெடுந்தண்டை ஆகாயத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே வீட்டுச் சுவர்களில் படர்ந்திருந்த காகிதப்பூவும் நாம் அறிந்ததே. இவை மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. கடலோடிகளின் கப்பல்கள் ஒரு பக்கம் மத்தியதரைக் கரைக்கும் இன்னொரு பக்கம் நம் நாட்டுக்கும் அவற்றைக் கொண்டு சேர்த்தன. "திருநெல்வேலியிலே ஆடு கூட இதைச் சீந்தாது, இங்கே சீட்டு வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறார்களே!" என்றாள் அவள். நான் என்ன சொல்ல? அந்தச் செடிகளின் முட்களுக்கு அப்பால், பல நூறு மீட்டர் கீழே, காப் ஃபெரா முனையும் அதைச் சுற்றிய நீலமும் ஒரே பார்வையில் விரிந்து கிடந்தன. நம் ஊர்க் கள்ளிக்கு இப்படிப்பட்ட ஒரு முற்றம் எங்கே கிடைத்தது? கடலைப் பார்த்துக் காவல் காத்த அதே உச்சியிலிருந்து, கடலின் சௌந்தரியத்தைப் பார்ப்பதற்காகவே உலகத்தார் இன்று கூடுகிறார்கள்.

ஒரு விஷயத்தை மனம்விட்டுச் சொல்லவேண்டும். ஏஸ் சந்துகளில் இன்று வீடுகளைவிடக் கடைகளும் சித்திரசாலைகளும் விலையுயர்ந்த விடுதிகளுமே அதிகம். கோட்டைவாசலுக்குள் உண்மையாகக் குடியிருப்பவர்கள் மிகச் சிலர். முற்பகல் பதினொரு மணிக்குமேல் கப்பல் பேருந்துகள் வந்துவிட்டால், சந்துகளில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து ஏறிய ஜனங்களின் சந்ததியார், கீழே இருப்புப்பாதையும் நல்ல சாலையும் வந்த பிறகு, தண்ணீருக்கும் பிழைப்புக்கும் வசதியான இடங்களை நாடி இறங்கிப் போனார்கள். மிச்சமிருந்தவர்களின் வீடுகளுக்குக் கிடைத்த விலை, மிச்சமிருக்க விடவில்லை. பெரிய கப்பல்கள் புராதன ஊர்களைத் திணறடிப்பதைப் பற்றி ஐரோப்பா முழுவதும் இப்போது விவாதம் நடக்கிறது. வெனிஸ் நகரத்துக்கு முன்னால் உள்ள கால்வாயில் பெரிய கப்பல்கள் நுழைவதை 2021 ஆகஸ்டு முதல் தடை செய்துவிட்டார்கள். அந்தத் தடை நியாயமானதே என்பது என் கருத்து. கப்பலில் போகிற நாமும் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி என்பதால், நம் கடமையும் இருக்கிறது: குறைவான ஊர்களுக்குப் போவோம், போன ஊரில் கொஞ்சம் அதிக நேரம் இருப்போம், கப்பலிலே இலவசமாகச் சாப்பாடு இருக்கிறதே என்று பார்க்காமல் அந்த ஊர்க் கடையிலே ஒரு வேளை சாப்பிடுவோம்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. நீஸ் வட்டாரத்தில் சொக்கா என்று ஒரு பண்டம் உண்டு. கடலை மாவைத் தண்ணீரிலும் ஆலிவ் எண்ணெயிலும் கரைத்து, அகன்ற செப்புத் தட்டில் மெல்லிதாக ஊற்றி, விறகு அடுப்பின் உள்ளே தள்ளிச் சுடுகிறார்கள். ஓரம் கருகி மொறுமொறுவென்றும் நடுவே மெத்தென்றும் இருக்கும். மேலே மிளகுத்தூள் தூவிக் கையால் பிய்த்துத் தின்பதுதான் முறை. மாமிசம் உண்ணாதவர்களுக்கு அந்தக் கரையில் இதைவிட நல்ல துணை கிடைக்காது. சூடு ஆறுவதற்குள் தின்றுவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கடைசியாகச் சில உபயோகமான வார்த்தைகள். காலையில் முதல் டெண்டர் படகிலேயே இறங்குங்கள். நேரே ரயிலேறி, வெயில் ஏறுமுன் மலையை ஏறி, பேருந்துக் கூட்டம் வருமுன் ஏஸைப் பார்த்துவிட்டு, பிற்பகலை வில்ஃபிரான்ஷுக்கு ஒதுக்குங்கள். இருட்டுத் தெருவின் குளிர்ச்சி அந்த நேரத்துக்கே ஏற்றது. வழுக்காத அடியுள்ள காலணியும் தண்ணீரும் அவசியம். கொக்தோவின் தேவாலயம் திறந்திருக்கும் நேரத்தை இறங்கியவுடன் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போகாமல் தனியாகப் போகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. ஆகவே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே படகுத்துறைக்கு வந்துவிடுங்கள்.